அரைச் சாண் தூரம்

மகளின் டீ-ஷர்ட்டை ஹேங்கரில் மாட்டிக் கடையின் முன்கண்ணாடிக்குள் தொங்கவிட்டுவிட்டு, தெருவில் இறங்கி நின்று பார்த்தேன். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே போய்ச் சரிசெய்து மறுபடி வந்து பார்த்தேன். பள்ளியின் கடைசி நாளுக்கென்று அவள் வகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி அச்சடித்துக்கொண்ட டீ-ஷர்ட் அது. முன்பக்கம் பள்ளியின் பெயரும் வருடமும். முதுகுப்பக்கம் அவரவருக்கு வகுப்பு வைத்த பட்டப்பெயர். ஒருவன் முதுகில் ‘தூங்குமூஞ்சி’, ஒருத்தி முதுகில் ‘ரேடியோ’. என் மகள் முதுகில் ‘சோடாபுட்டி’. அந்தப் பக்கம் தெருவைப் பார்க்கும்படி மாட்டி, அதற்குக் கீழே ஒரு சிறிய தாங்கியில் அவளுடைய மாற்றுக் கண்ணாடியை வைத்து, ‘இது மைனஸ் ஆறு. நம்ப முடிகிறதா?’ என்று ஓர் அட்டையும் எழுதி வைத்திருந்தேன்.

அந்தக் கண்ணாடியைப் பக்கவாட்டில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். கிட்டப்பார்வைக்குப் போடும் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். பவர் கூடக் கூட ஓரம் சோடா பாட்டிலின் அடிப்பாகம்போல வளையம் வளையமாகத் தெரியும். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். ஆனால் ஓரம்தானே தடிமன்? சின்ன ஃப்ரேமாக எடுத்தால் அந்த ஓரம் முழுக்க வெட்டுப்பட்டுப் போய்விடும். ஒளியை அதிகமாக வளைக்கும் பொருளில் லென்ஸ் எடுத்தால் அதே வேலையை மெல்லிய லென்ஸே செய்துவிடும். மிச்சமிருக்கும் தடிமனையும், லென்ஸின் விளிம்பில் ஃப்ரேமுக்குள் உட்காரும் வரம்பைச் சற்று முன்தள்ளிச் சீவினால், கன்னத்துப் பக்கமாக ஒளித்துவிடலாம். முதல் வகுப்பிலிருந்து அவள் போட்ட ஒவ்வொரு கண்ணாடியையும் கடையின் பின்னறையில் உள்ள சாணை இயந்திரத்தில் நானே சீவினேன். பவர் ஏற ஏற, லென்ஸை மெலிய வைத்துக்கொண்டே வந்தேன். அந்தச் சொல் இனி அவளுக்குப் பொருந்தாது என்பதைத்தான் தெருவுக்குச் சொல்ல நினைத்தேன்.

சாயங்காலம் தோழி வீட்டிலிருந்து திரும்பியவள் கடைக்கு எதிரே நடைபாதையில் நின்றாள். நான் உள்ளேயிருந்து கையைத் தூக்கிக் காட்டினேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே வந்து, ஹேங்கரைக் கழற்றி, டீ-ஷர்ட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அட்டையையும் கண்ணாடியையும் அப்படியே விட்டுவிட்டாள்.

“நான் வீட்டுக்குப் போறேம்மா.”

கல்லாவுக்குப் பக்கத்தில் ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி, அவள் தெருமுனை திரும்பும்வரை பேசவில்லை. அப்புறம் துணியை மேசைமேல் போட்டாள்.

“ஏங்க, ஊரு பூரா தெரியணும்னு உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“தமாஷுக்கு வச்ச பேருதானே. அவளே போட்டுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டா. எல்லாப் பல்லும் தெரியுது அதுல.”

“போட்டோன்னா எல்லாரும்தான் சிரிப்பாங்க. வந்ததும் அதைத் துவைக்கக்கூடப் போடல. பீரோவுல அடியில சொருகி வச்சிருந்தா. அங்கேருந்து தோண்டி எடுத்துட்டு வந்து கடையில மாட்டியிருக்கீங்களே, உங்களைச் சொல்லணும்.”

இந்த மாதம் முழுக்கக் கடையில் கூட்டம். பரீட்சை முடிந்து முடிவுகளும் வந்துவிட்டன. பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பெற்றவர்கள் கடை கடையாக ஏறி இறங்கும் பருவம். கைக்கடிகாரக் கடையில் தொடங்கி, செருப்புக் கடை, பயணப் பெட்டிக் கடை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வந்து கூலிங் கிளாஸ் கேட்பார்கள். பெரும்பாலும் பிள்ளை கூட வந்திருக்காது. ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டுமாம். அப்பா ஒருவர் தன் முகத்திலேயே போட்டுப் பார்த்து, “என் மூக்குதான் அவனுக்கும்” என்பார். மூக்கு அதுவாக இருக்கலாம், ஆசை அதுவாக இருக்க வேண்டுமே. “அவன்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டு வாங்கிக் கொடுங்க சார்” என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று மனசாரத்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுமுறை முடிந்தால் விடுதி. டிராவல் ஏஜென்சியில் வேலை பார்க்கும் என் மைத்துனன் ஒரு பெட்டியைச் சிபாரிசு செய்தான். “நாலு சக்கரம் மாமா. தட்டிவிட்டா அதுவே ஸ்டேஷன் போயிடும்.” மனைவி ஒரு சங்கிலியை நினைத்திருந்தாள். நான் யோசித்து வைத்திருந்தது என்ன என்று சொல்லவே தேவையில்லை. புது ஃப்ரேம், டைட்டானியத்தில், கையில் எடுத்தால் எடையே தெரியாதது.

டீ-ஷர்ட் விஷயம் நடந்த மறுநாள் சாப்பாட்டு மேசையில், ஊருக்குச் சொன்ன யோசனையை நானே கடைப்பிடித்தேன். “உனக்கு என்னம்மா வேணும்? நீயே சொல்லிடு.”

“நான் போன வருஷமே சொன்னேம்பா. ஆபரேஷன்.”

சொல்லியிருந்தாள்தான். கண் ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் மகளும் போய் விசாரித்துவிட்டுக்கூட வந்திருந்தார்கள். லேசரால் கருவிழியின் மேற்பரப்பை லேசாகச் சீவி, கண்ணாடி செய்யும் வேலையைக் கண்ணே செய்யும்படி வைத்துவிடும் ஆபரேஷன். பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அது நியாயமான நிபந்தனை. கிட்டப்பார்வை என்பது கண்விழி இருக்க வேண்டிய நீளத்தைவிடச் சற்று நீண்டு வளர்ந்துவிடுவது. வளர்ச்சி நிற்கும் முன்னே சீவிவிட்டால், வளரும் பிள்ளைக்கு இன்றைய அளவில் சட்டை தைத்த கதையாகிவிடும். “அப்பாகிட்டதானே பவர் பாத்துக்கறே? மாறலன்னு அவர் சொன்ன அன்னைக்கு வா. நாங்க ஒரு தடவை பாத்துட்டு நாள் குறிச்சுடறோம்” என்றாராம் டாக்டர். அப்போது நானும் சரி என்றேன். இப்போது அவளுக்குப் பதினெட்டும் முடிந்துவிட்டது. வருடம் இவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்று நினைக்கவில்லை.

“இப்பவே என்ன அவசரம்? காலேஜ் முடிச்சுட்டுப் பண்ணிக்கலாமே” என்றேன். “நான் உனக்கு டைட்டானியத்துல ஒரு ஃப்ரேம்—”

“அப்பா.” தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “அங்க யாருக்கும் என்னைக் கண்ணாடியோட தெரியாது. முதல் நாள் கிளாஸுக்குள்ள போறப்பவே அந்தப் பேரு இல்லாம போகணும் நான். அப்புறமா பண்ணிக்கிட்டா, ‘கண்ணாடி எங்கே’ன்னு ஆரம்பிப்பாங்க. மறுபடியும் அதுவேதான்.”

மனைவி என் தட்டில் சாதத்தை வைத்தாள். இது முடிந்துபோன விஷயம் என்று சொல்வதுபோல் இருந்தது அந்தக் கரண்டிச் சத்தம். “அவ கண்ணு எவ்ளோ பெருசுன்னு நமக்கு மட்டுந்தான் தெரியும்” என்றாள். அதுவும் உண்மைதான். மைனஸ் லென்ஸுக்குப் பின்னால் கண் சிறுத்துத் தெரியும். எவ்வளவு மெலியச் சீவினாலும் அதை மட்டும் என்னால் மாற்ற முடிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையைத் திறக்காமல் பின்வழியாக அவளை அழைத்துப்போனேன். பரிசோதனை அறை நீளமானது, ஜன்னல் இல்லாதது. ஒரு கோடியில் நாற்காலி, மறுகோடியில் வெளிச்சப் பலகை. மேலே பெரிய எழுத்தில் தொடங்கிக் கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும் ஆங்கில எழுத்துகள். அவள் சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதியதே அந்த நாற்காலியில்தான். பரீட்சை என்று வந்த பிறகு ஏழெட்டு மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை.

சோதனைக்கு மாட்டும் இரும்பு ஃப்ரேமை அவள் மூக்கில் உட்காரவைத்துப் போன வருடத்து எண்ணையே போட்டேன். மைனஸ் ஆறு. இடக்கண்ணை மூடினேன். “வாசி.”

மேலிருந்து நிதானமாக வந்தாள். நடு வரிகள்வரை தயக்கமில்லை. அடிவரிக்கு வந்ததும் குரல் கொஞ்சம் வேகமெடுத்தது. “எஃப், ஜெட், பி, டி, ஈ, ஓ.”

தடங்கலே இல்லை. ஒரு எழுத்தும் பிசகவில்லை. ஆனால் அது பழைய பலகையின் அடிவரி. அந்தப் பலகை விரிசல் விட்டதால் போன மாதம்தான் புதிது மாட்டியிருந்தேன். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், அடிவரியில் மட்டும் எழுத்துகள் வேறு. எனக்கும் அந்தப் பழைய வரி மனப்பாடம்தான். பல வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருப்பது. இருட்டில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. கைகள் மட்டும் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன.

“ம்” என்றேன். “மறு கண்ணு.”

மறு கண்ணிலும் அதே எழுத்துகள், அதே வேகம்.

கண் பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. இன்னொன்று ஆளைக் கேட்காமலே பார்ப்பது. கையில் பிடிக்கும் சின்ன விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் ஒளிக்கோட்டைக் கண்மணியின் குறுக்கே மெல்ல அசைத்தால், கண்ணின் ஆழத்திலிருந்து ஒரு செந்நிறப் பிரதிபலிப்பு எழும்பி வரும். பவர் சரியாக இல்லையென்றால் அந்தப் பிரதிபலிப்பு ஏதோ ஒரு பக்கம் நகரும். நகரும் திசையைப் பார்த்து லென்ஸை மாற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நகர்வு நின்று, கண்மணி முழுக்க ஒரே நேரத்தில் பளிச்சென்று நிறையும். அதுதான் அந்தக் கண்ணின் எண். பேச்சு வராத கைக்குழந்தைக்கும் இப்படித்தான் பார்ப்போம். என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த கணம் அது. மேகம் விலகி நிலா வருவதுபோல இருக்கும்.

விளக்கை எடுத்தேன். அவளை நேரே தூரத்தைப் பார்க்கச் சொன்னேன். மைனஸ் ஆறில் கண்மணி நிறையவில்லை, லேசான நகர்வு. பாயிண்ட் டூ ஃபைவ் கூட்டினேன். நிறைந்தது. மறு கண்ணும் அப்படியே.

கூடியிருக்கிறது. வெறும் கால்தான், எங்கள் எண்ணிக்கையில் மிகச் சின்னப் படி. ஆனாலும் மாற்றம் மாற்றம்தான். விளக்கை அணைத்ததும், என் நெஞ்சுக்குள் எதுவோ இறங்கி வசதியாக உட்கார்ந்தது. அது என்னவென்று அடையாளம் தெரிய எனக்குச் சில நொடி பிடித்தது. நிம்மதி.

அந்த நிம்மதிதான் என்னைக் கலவரப்படுத்தியது. இந்த விளக்கு பொய் சொல்லாது, ஆனால் பிடித்திருப்பவன் உட்காரும் தூரத்தைப் பொறுத்துத்தான் அது உண்மை சொல்லும். கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு. அந்த இடத்திலிருந்து அரைச் சாண் பின்னால் சாய்ந்துவிட்டால் போதும், மாறாத கண்ணும் கால் அளவு மாறியதாகக் காட்டும். இத்தனை வருடத்தில் என் முதுகு அந்தத் தூரத்தைத் தானாகவே அறிந்து வைத்திருக்கிறது, யோசித்ததே இல்லை. இன்று யோசித்தேன். நான் சாய்ந்தேனா? லென்ஸை மைனஸ் ஆறுக்கே மாற்றி, மறுபடி விளக்கைப் போட்டேன். இம்முறை சாய்ந்துவிடக் கூடாது என்ற பயத்தில் முன்னால் போனேன். நகர்வு நின்றதுபோல் இருந்தது. சற்றுப் பின்வாங்கினேன். நகர்வு மறுபடி இருந்தது. சரியான தூரம் எது என்று என் உடம்புக்கு மறந்துபோயிருந்தது.

“மாறலதானேப்பா?” என்றாள் இருட்டிலிருந்து.

“இரும்மா. வரேன்.”

மனைவி முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். கடை திறக்காத நாளிலும் அவள் அந்த இடத்தில்தான் உட்காருவாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பலகையை, விளக்கை, தூரத்தை. வழக்கமாக நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தாலே “பாடம் எடுக்காதீங்க” என்பவள், இன்று கடைசிவரை கேட்டாள்.

“ஆக, ரெண்டு பேரும் அந்த ரூமுக்குள்ள போயி ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திட்டு வந்திருக்கீங்க.”

“நான் ஏமாத்தல. எனக்கே தெரியல, அதான் பிரச்சினை.”

“அவளாவது தெரிஞ்சு செஞ்சா” என்றாள். பிறகு கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைக் காட்டினாள். “அங்க கூட்டிட்டுப் போங்க.”

அங்கே என்றால் எதிர்க்கடை. ஐந்து வருடத்துக்கு முன் வந்த இன்னொரு கண்ணாடிக்கடை. கண்ணைப் பறிக்கும் விளக்கு, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அந்தக் கடைக்காரம்மாவை நான் தெருவில் பார்த்தால் தலையசைப்பேன், அவ்வளவுதான் பழக்கம். என் பழைய வாடிக்கையாளர்கள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போவதை என் நாற்காலியிலிருந்தே பார்க்கலாம்.

உள்ளே போய் மகளிடம் சொன்னேன். “எதிர்க்கடையில ஒரு தடவை பாத்துடலாம்மா.”

இரும்பு ஃப்ரேமைத் தானே கழற்றினாள். அது இல்லாமல், தன் கண்ணாடியும் இல்லாமல், நான் இருக்கும் பக்கம் பார்த்தாள். அந்தத் தூரத்தில் நான் அவளுக்கு ஒரு கலங்கல்தான். “மாறியிருக்கா?”

“எனக்குத் தெரியல.”

“உங்களுக்கா தெரியல?” அதில் கேலி இல்லை, நிஜமான ஆச்சரியம். அப்புறம் குரல் இறங்கியது. “உங்களுக்கு நான் கண்ணாடி போட்டாதானேப்பா பிடிக்கும்.”

“அதனாலதாம்மா அங்க போகலாம்னேன். பலகையைப் போன மாசம் மாத்திட்டேன். அடிவரி வேற.”

அவள் மேசைமேல் தடவித் தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பலகையைப் பார்த்தாள். கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, அடிவரியைப் படிக்க முயன்றாள். படித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் தெருவைக் கடந்தோம். எதிர்க்கடைக்காரம்மா எங்களைக் கண்டதும் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர். காதில் பேனா.

“வாங்கண்ணே. என்ன, வழி தவறிட்டீங்களா?”

“பொண்ணுக்குப் பவர் பாக்கணும்.”

“உங்க பொண்ணுக்கு? நானா?” சிரித்தார். “நாளைக்கு உங்க கஸ்டமரையும் இப்படியே கூட்டிட்டு வந்துடுங்க, கமிஷன் தந்துடறேன்.”

“என் கை மேல இன்னைக்கு எனக்கு நம்பிக்கை இல்லம்மா” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. மகள் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னபோது மட்டும், “ஓ, பாஸ் பண்ணினதுக்குப் பரிசா? எங்க வீட்டுல எனக்கு ஒரு அகராதி குடுத்தாங்க” என்றார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவரிடம் கண்ணை வைத்துப் பார்த்தால் தானே எண்ணைத் துப்பும் இயந்திரம் இருந்தது. அதில் பார்த்தார். வந்த சீட்டை என்னிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “மெஷின் சொல்றது பாதிதான். மீதியைப் பொண்ணு சொல்லட்டும். போன வருஷ நம்பரையே போட்டுவிடறேன், அதுல கடைசி வரிசை தெரிஞ்சா மாறலன்னு அர்த்தம். எழுத்து வேண்டாம். கண்ணாடிக்கடைப் பொண்ணு, ஊருல இருக்கற பலகை எல்லாம் மனப்பாடமா வச்சிருக்கும்.” மகளின் காதுமடல் சிவந்தது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு வச்சிருக்கற படம் இருக்கு. மூணு கால் வச்ச சீப்பு மாதிரி. அந்தக் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு விரலால காட்டினா போதும். ஒவ்வொரு தடவையும் நான் மாத்திக்கிட்டே இருப்பேன்.”

“அப்பா, நீங்க வெளிய இருங்க” என்றாள் மகள்.

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்தேன். மற்றவர்களின் கண்ணை அளக்கும்போது அவர்களுடைய அப்பாக்கள் என் கடையில் உட்கார்ந்திருக்கும் இடம் இது என்று தோன்றியது. அவர்கள் ஏன் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும் புரிந்தது.

திரைச்சீலை முழுவதும் மூடவில்லை. இடைவெளியில் மகளின் வலக்கை தெரிந்தது, முகம் தெரியவில்லை. அறையின் கோடியில் உள்ள வெளிச்சத் திரையில் அந்தச் சீப்பு உருவம் தெரிந்தது. முதலில் உள்ளங்கை அளவு. அவள் விரல் மேலே காட்டியது. மாறியது, வலப்பக்கம் காட்டினாள். கீழே. மறுபடி கீழே. சின்னதாகச் சின்னதாக ஆகிக்கொண்டே வந்தது உருவம். விரல் மட்டும் கடிகார முள்போலத் திரும்பிக்கொண்டிருந்தது. எல்லாம் சரி.

“இதுதான் கடைசி வரிசைம்மா. நிதானமாப் பாரு. நாலு வரும்” என்றது எதிர்க்கடைக்காரம்மாவின் குரல்.

முதலாவது, மேலே. சரி. இரண்டாவது, வலப்பக்கம். சரி. மூன்றாவதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தாள், அதுவும் சரி. நான்காவது வந்தது. நான் இருந்த இடத்திலிருந்து அது ஒரு கடுகு. கழுத்தை வளைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கால்கள் இடப்பக்கம் திரும்பியிருந்தன.

அவள் கை பாதி உயர்ந்து நின்றது. விரல் நீண்டிருந்தது, ஆனால் எந்தப் பக்கமும் இல்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போனது. அவள் விரல் சற்றுக் கீழே இறங்கியது, நின்றது, மறுபடி மேலே வந்தது. அவசரப்படாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே குனிந்தேன். முழங்கால் மேல் இருந்த என் ஆள்காட்டி விரல் எப்போதோ இடப்பக்கம் திரும்பியிருந்தது, துணியில் பள்ளம் விழும் அளவுக்கு அழுத்தியபடி. நிமிர்ந்தேன். அவள் விரல் இன்னும் காற்றில்தான் இருந்தது.